அக்கா கையால் போட்ட வட்டம்

இருபது வருடம் ரத்த செல்களை எண்ணும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவள் என் அக்கா. ஆண்டுதோறும் சைட்டோமெட்ரி எனும் செல் அளவீட்டுத் துறை மாநாட்டுக்கு, செல்களைப் புள்ளிகளாகக் காட்டி அவள் போட்ட படங்களை மேலதிகாரிதான் கொண்டுபோவார். இந்த முறை அவள் பெயரிலேயே அந்தப் படங்களின் போஸ்டர் காட்சிக்குத் தேர்வானது. போன மாதம் அவள் இறந்துவிட்டாள். அவளுக்குப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்த நான் போஸ்டரருகே கால் கடுக்க நின்றேன். மாலைவரை ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. கழற்றப் போனபோது ஒரு டாக்டரம்மா வந்தார்.

“நோய் செல்லைச் சுத்தி இருக்கிற இந்த வட்டம் மெஷின் போட்டதில்லையே?”

“கையால போட்டது மேடம். மெஷினை நம்பினா நாலு செல் நழுவிடும்னு அக்கா சண்டை போடுவா.”

“நாங்க நழுவ விட்டிருக்கோம்மா. அவங்களைக் கூப்பிடுங்க, பேசணும்.”

அக்கா இறந்ததைச் சொன்னேன். அவர் நோட்டைத் திறந்து, “அப்போ நீங்க சொல்லுங்க. வட்டத்தை எங்கேருந்து ஆரம்பிப்பாங்க?” என்றார்.

வலித்த காலை மாற்றி ஊன்றிக்கொண்டு முதல் படத்தைக் காட்டினேன்.