ஸ்பேனர் கிடைக்கிற வரைக்கும்

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். பிறகு பெங்களூரில் விமானம் செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றுச் சங்கரன்கோவிலுக்கு வந்தார். வந்தார் என்றுதான் பேர். தொழிற்சாலையை விட்டு அவர் வந்த மாதிரி எனக்குக் கடைசி வரை தெரியவில்லை.

அங்கே ஒரு சட்டமாம். வேலை முடிந்ததும் எடுத்த சாமான் எல்லாம் பெட்டிக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு திருப்புளி குறைந்தாலும் விமானத்தைக் கிளப்ப விடமாட்டார்களாம். நல்ல சட்டம்தான். என் அடுப்படியில் என்ன விமானமா பறக்கிறது? ஒரு கரண்டியைக் காணவில்லை என்றால் சாப்பிட உட்கார மாட்டார். இருந்தவரைக்கும் இதே பாடுதான்.

எங்கள் மகளைப் பார்க்க ராயகிரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அதற்குமுன் வந்த இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. பங்குனி வெயில். அன்றைக்குக் காலையில் போய் இவர் முன்னறை ஃபேனைக் கழற்றி மாட்டினார். அவர்கள் வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்து வேர்வையைத் துடைக்கிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஃபேனைப் போடச் சொன்னார்.

"போடக்கூடாது அண்ணாச்சி. ஒரு ஸ்பேனரைக் காணல."

நான் ஆண்கள் முன்னால் வாய் திறக்கிறவள் இல்லை. கதவோரம் நின்று கிசுகிசுத்தேன். "ஏங்க, அவங்க போனப்புறம் தேடப்படாதா?"

"ஏட்டி, அது ஃபேன் மேல இருந்து யார் தலையிலயாவது விழுந்தா?"

பிடித்திருந்தால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். இல்லையென்றால் காப்பியோடு கிளம்பிவிடுவார்கள். உள்ளே சாம்பார், பாயசம் எல்லாம் தயார். இங்கேயோ மாப்பிள்ளையின் அம்மா முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். மகள் கொண்டுவந்து கொடுத்த காப்பியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. இவர் ஸ்டூல் மேல் ஏறி ஃபேனுக்குள் கையை விட்டுத் துழாவுகிறார். மகள் உள்ளே அழுகிறாள். எனக்கு அந்த ஸ்டூலை இழுத்துவிடலாமா என்று இருந்தது.

கடைசியில் இறங்கி, "எல்லாரும் கொஞ்சம் எந்திரிங்க" என்றார். வந்த சம்பந்தியை எழுப்புகிற ஆளை எங்கேயாவது பார்த்ததுண்டா? எழுந்தார்கள். ஜமுக்காளத்தைத் தூக்கினால், மாப்பிள்ளையின் அம்மா இருந்த இடத்தில் கிடக்கிறது ஸ்பேனர்.

"வந்ததுலேருந்து குத்திக்கிட்டேதான் இருந்துச்சு" என்றாள் அந்த அம்மா. "பொண்ணு பாக்க வந்த எடத்துல எப்படிச் சொல்லுதது?"

"அதான் மூஞ்சிய உம்முனு வச்சிருந்தியாக்கும்!" என்று அவள் புருஷன் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் பக்கம் திரும்பினாள்.

"மயினி, பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு. இலையப் போடுங்க. அண்ணாச்சி அடுத்து என்னத்தத் தேடுவாகளோ, அதுக்குள்ள சாப்ட்டுருவோம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவரோ ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "விரிக்கும்போது பாக்க வேண்டாமாட்டி?" என்று என்னைக் கேட்கிறார்.

இலை போட்டு உப்பு வைத்தேன். அவர் பெட்டியைப் பூட்டிவிட்டு வந்து, ரொம்பப் பெருமையாக ஃபேனைப் போட்டார். இலையெல்லாம் படபடவென்று எழும்பி மடங்கியது. உப்பு அப்பளத்தோடு பறந்தது. சம்பந்திகள் ஆளுக்கொரு இலையை அமுக்கிப் பிடித்தார்கள்.

"அதை அணைங்க!" என்று அத்தனை பேர் முன்னால் நானே கத்திவிட்டேன்.

வேர்க்க வேர்க்கத்தான் எல்லாரும் சாப்பிட்டார்கள்.