கருப்பு வண்டியும் கருவாட்டுக் களமும்

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி ஒரு கார் கழுவும் இடம் வந்திருக்கிறது. அந்தப் பக்கம் போனால் நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிச் சுவர், உள்ளே ஏசி, காத்திருப்பவர்களுக்குக் காகிதக் கோப்பையில் காபி. போன ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்கார்ந்து என் வண்டி குளிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். நுரை, தண்ணீர், மறுபடியும் நுரை. கடைசியில் ஒருவர் துப்பாக்கி மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கதவிடுக்கிலும் கண்ணாடி மடிப்பிலும் காற்றைப் பீய்ச்சினார். உஸ்ஸ் என்று ஒரு சத்தம். ஒளிந்திருந்த தண்ணீரெல்லாம் அலறி அடித்துக்கொண்டு வெளியே ஓடியது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குக் கருவாட்டு வாசனை அடித்தது.

சிரிக்காதீர்கள். காதுக்கும் மூக்குக்கும் நடுவே எனக்கு ஏதோ ஒயர் மாறிப்போயிருக்கிறது என்று வீட்டிலும் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஒயரை மாற்றிப் பூட்டியது யார் என்று எனக்குத் தெரியும். அஞ்சலை.

அஞ்சலைக்கு முன்னால் ஏழுமலையைச் சொல்ல வேண்டும். அவள் புருஷன். அதற்கும் முன்னால் என்னைப் பற்றி ஒரு வரி: செங்கல்பட்டில் பி.ஏ. முடித்துவிட்டு, கருங்குழிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வயலில் இறங்கி நடந்தாலே நாற்று சாய்கிறது என்று அப்பாவால் துரத்தப்பட்டவன் நான். மாமல்லபுரத்தில் ஏழுமலை ஒரு டூரிஸ்ட் கார் ஓட்டினான். வெள்ளைக்காரர்களோடு பேச அவனுக்கு ஆள் வேண்டியிருந்தது. அவன் ஓட்டுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன். அவனுக்கு இங்கிலீஷ் வராது, எனக்கு அப்போது ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது. அரையும் அரையும் சேர்ந்து ஒரு டிரைவர்.

ஏழுமலை கடலோரக் குப்பத்துக்காரன். அப்பன், அண்ணன்கள் எல்லோரும் படகில். இவன் மட்டும் இரண்டாவது அலை தாண்டுவதற்குள் குடலைக் கக்கிவிடுவான். "எங்க படகுக்கு இரையே வாங்க வாணாம், தம்பிய ஏத்திகினாப் போதும், மீனு தானா வந்துரும்" என்று அண்ணன்கள் ஊரைக் கூட்டிச் சிரிப்பார்கள். அவனும் கூடச் சிரிப்பான். சிரித்து முடித்ததும் முகம் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக நிற்கும்.

அந்த முகத்துக்காகத்தான் அஞ்சலை தன் நகைகளை வண்டியாக்கினாள். உருண்டை முதுகு, நீண்ட மூக்கு, கன்னங்கரேலென்று ஒரு பழைய வண்டி. கருப்பு என்பதால்தான் அது எங்கள் கைக்கு எட்டியது. கடலோரத்தில் ஒருவரும் கருப்பு வண்டி வாங்க மாட்டார்கள். அங்கே போர்வெல் தண்ணீர் உப்பு. கழுவிவிட்டுத் திரும்பினால், காய்ந்த ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வட்டத்தை விட்டுவிட்டுப் போயிருக்கும். வெள்ளை வண்டியில் அது தெரியாது. கருப்பில் பட்டப்பகலில் நட்சத்திரம் பார்க்கலாம்.

எங்கள் ஸ்டாண்டில் மற்ற எல்லாமே வெள்ளை. மூத்தவர் வரதன் அண்ணாத்த. வெள்ளை வண்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு சீப்பு. எங்கள் வண்டி வந்து நின்றால் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்பார்: "இன்னாடா ஏழுமல, வண்டிக்கு அம்மை இன்னும் எறங்கலியா? வேப்பிலை கட்டுடா, பயணிக்கு ஒட்டிக்கப் போவுது!" சவாரி கேட்டு வருகிறவர்களும் எங்களைத் தாண்டி வெள்ளைக்கே போனார்கள். வருமானம் இல்லை. அண்ணன்கள் கெடு வைத்துவிட்டார்கள்: மாசி வரைக்கும் பார், அதற்குப் பிறகு வண்டியை விற்றுவிட்டுப் படகில் ஏறு.

தை பாதி ஓடியிருந்தபோது அந்த வாய்ப்பு வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய ஓட்டல், விருந்தினர்களுக்காக நிரந்தரமாக ஒரு வண்டியை அமர்த்தப்போகிறது. விரும்புகிறவர்கள் வண்டியைக் கொண்டுவந்து காட்டலாம்.

கழுவினோம். அடித்துப் பிடித்துக் கழுவினோம். பிறகு காயவைத்தோம். இந்தக் காயவைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஏழுமலைக்குக் காயவைப்பது என்றால் ஒன்றுதான் தெரியும். அதுவும் பிறந்ததிலிருந்து தெரியும். அஞ்சலையின் கருவாட்டுக் களம் கடலைப் பார்த்த வெட்டவெளி. நெத்திலியும் காரைப்பொடி மீனும் வரிசையாகப் பரப்பியிருக்கும். அந்த வரிசையின் முடிவில், ஏதோ பெரிய சுறாவைப் போட்டது போல, வண்டியை நிறுத்துவான். மூக்கு காற்றைப் பார்த்து இருக்க வேண்டும். வெயில் ஏற ஏறத் தொட்டுப் பார்ப்பான். "இந்தப் பக்கம் காஞ்சிடுச்சி மச்சான், பொரட்டிப் போடலாம்" என்று வண்டியை ஓட்டித் திருப்பி மறுபக்கத்தை வெயிலுக்குக் காட்டுவான். நான் பி.ஏ. படித்தவன். பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் திருப்பு, பின்கதவுக்கு வெயில் படல" என்று உதவி செய்தேன்.

ஓட்டல் மேலாளர் டை கட்டியவர். பானெட்டில் ஒரு விரலை வைத்தார். விரலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "கழுவினீங்களா, இல்ல மாவு சலிச்சீங்களா?" பக்கத்தில் வரதன் அண்ணாத்தவின் வெள்ளை வண்டி, அவர் தொண்டையைச் செருமும் சத்தம். மேலாளர் நல்ல மனிதர்தான். வண்டியின் உட்புறத்தைப் பார்த்துவிட்டு, "சீட்டெல்லாம் நல்லா இருக்கு. கருப்பு வண்டி வாசல்ல நின்னா கம்பீரமா இருக்கும். வெள்ளிக்கிழமை காலைல இன்னொரு தடவை கொண்டு வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா வெள்ளையே எடுத்துக்கறேன்" என்றார்.

களத்துக்குத் திரும்பினோம். ஏழுமலை மணலில் உட்கார்ந்து, கடலைப் பார்க்காமல், முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான். எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு வெள்ளை வட்டத்தை விரலால் சுரண்டினேன். என்ன தோன்றியதோ, அந்த விரலை நாக்கில் வைத்தேன்.

"இன்னா மச்சான், வண்டிய நக்கிகினு கீற? நாஸ்தா துன்னலியா?"

"உப்புடா."

"தண்ணி உப்பு, அதான் உப்பு. அதுக்கு பி.ஏ. படிக்கணுமா?"

"அது இல்லடா. தண்ணி எங்க போச்சு?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு நெத்திலியைப் பார்த்தான். பிறகு வண்டியை. மெதுவாக அவன் வாய் பிளந்தது.

"மச்சான்... தண்ணி போயி உப்பு தங்கணும்னுதான் மீனக் காயப் போடறோம். நாம இத்தன நாளு காரக் கருவாடு போட்டுகினு கீறோம்டா!"

அடுத்த நொடி இருவரும் மணலில் உருண்டு சிரித்தோம். கூடையோடு வந்த அஞ்சலை, வெயில் தலைக்கேறிவிட்டது என்று முடிவு செய்து கைக்குடத்துத் தண்ணீரை எங்கள் மேல் கொட்டினாள். விஷயம் புரிந்ததும் அவளும் சிரிப்பில் சேர்ந்துகொண்டாள். அவள் சிரிப்பு களத்துக் காக்கைகளைக் கிளப்பியது.

ஆகவே சட்டம் தலைகீழானது. வெயில் கூடாது. காற்று கூடாது. தண்ணீர் தானாகப் போவதற்கு முன்னால் நாமே அதைப் பிடித்துவிட வேண்டும். சொல்வது எளிது. கடையில் புதுத் துண்டு வாங்கித் துடைத்தேன். உப்பு போய்ப் பஞ்சு வந்தது, வண்டி நரைத்த தாத்தா மாதிரி நின்றது. "புதுத்துணி எங்கண்ணே தண்ணிய இழுக்கும்? அது மினுக்கிகினு இருக்கும், அவ்ளோதான்" என்று அஞ்சலை கிண்டலடித்து, பலமுறை துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன ஏழுமலையின் வேட்டிகளைக் கிழித்தாள். "யோவ், இனிமே நீ லுங்கிதான்."

வெள்ளிக்கிழமை விடிந்தது. நிழலுக்குப் படகுகளைப் பழுது பார்க்கும் ஓலைக் கொட்டகை. அதில்தான் அஞ்சலையின் கருவாட்டு மூட்டைகளும் அடுக்கியிருந்தன. மூட்டைகளை நகர்த்தி வண்டியை உள்ளே விட்டோம். பழைய புள்ளிகளை எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரால் முந்தின நாளே எடுத்திருந்தோம். இப்போது கூரையில் தண்ணீர் ஊற்றினோம், வேட்டியை விரித்துக் கூரைமேல் படுக்கவைத்தோம். தேய்க்கவில்லை. இரண்டு பக்கமும் நின்று, தூங்குகிற குழந்தையின் போர்வையை உருவுவது போல மெதுவாக இழுத்தோம். துணி கனத்துக்கொண்டே வந்தது. அதன் பின்னால் கருப்பு வந்தது. அது எப்படிப்பட்ட கருப்பு என்று எப்படிச் சொல்வேன்! மழைக்கு முந்தின வானம், எண்ணெய் தேய்த்த கூந்தல், ஆழம் தெரியாத கிணறு. அதற்குள் ஓலைக்கூரையின் ஒவ்வொரு கீற்றும் தலைகீழாகத் தொங்கியது. அதற்குள் நாங்கள் மூன்று பேர் நின்றோம்.

கூரை, பானெட், கதவு என்று மேலிருந்து கீழாக வந்தோம். ஈரத் துணிக்குப் பின்னால் உலர்ந்த துணி. முடிந்தது என்று நான் கையைத் தட்டியபோது பக்கக் கண்ணாடியின் அடியிலிருந்து ஒரு துளி எட்டிப் பார்த்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு நெடுக ஒரு கோடு போட்டது. துடைத்தேன். இன்னொன்று வந்தது. கதவுக் கைப்பிடியிலிருந்து ஒன்று. நம்பர் பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு குடும்பமே வந்தது.

"கூட்டாளிங்க உள்ள கீறாங்க" என்று ஏழுமலை வண்டியின் பின் பம்பரில் ஏறிக் குதித்தான். கதவுகளைத் திறந்து அறைந்தான். சில வெளியே வந்தன, சில வரவில்லை. வெயில் கொட்டகை வாசலைத் தொட்டுவிட்டது.

அஞ்சலை வீட்டுக்குள் ஓடினாள். திரும்பும்போது கையில் ஊதாங்குழல். விறகடுப்பு ஊதுகிற இரும்புக் குழாய். கண்ணாடி இடுக்கில் அதன் வாயை வைத்து, கன்னம் இரண்டும் பூசணியாக உப்ப, ஊதினாள். உஸ்ஸ்! ஒளிந்திருந்த துளிகள் சிதறின, நான் துணியால் பிடித்தேன். கைப்பிடி. உஸ்ஸ். விளக்கு ஓரம். உஸ்ஸ். நம்பர் பலகை. உஸ்ஸ். "வாங்கடா வெளிய! எங்கடா ஒளியறீங்க?" என்று தண்ணீரைத் திட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியபோது ஏழுமலை குழலை வாங்கி ஊதினான். பிறகு நான். நான் ஊதியதில் பழைய அடுப்புச் சாம்பல் பறந்து என் முகத்திலேயே அப்பியது. அந்தக் காலை முழுதும் நான் வண்டிக்குப் போட்டியாகக் கருத்திருந்தேன்.

எல்லாம் சரி. கிளம்பும்போதுதான் ஏழுமலை மூக்கை உறிஞ்சினான். "மச்சான், பேஜாரு! உள்ள கருவாடு நாறுது!"

கதவுகளைத் திறந்து திறந்து மூடியதில் கொட்டகை வாசனை முழுதும் சீட்டில் குடியேறியிருந்தது. இங்கேதான், நண்பரே, எங்கள் பழைய எதிரி எங்களுக்கு உதவ வந்தான். துடைத்து முடித்த வண்டிக்குக் காற்று என்ன செய்யும்? நான்கு கண்ணாடிகளையும் இறக்கினோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கினோம். வாடா காத்தே, இப்ப வாடா! கடல் ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு ஒரு பக்கம் என்று கருப்பின்மேல் ஓடி வழுக்கி விழுந்தன. சவுக்கு, மேகம், சைக்கிளில் போன ஒரு மனிதர் எல்லாம் அந்தக் கருப்புக்குள் வந்து வந்து போயின. ஏழுமலை கத்திக்கொண்டே ஓட்டினான். என்ன கத்தினான் என்று அவனுக்கே தெரியாது.

ஓட்டல் வாசலில் வெயில் முழுசாக விழுந்திருந்தது. வெள்ளை வண்டிகள் வரிசையாக நின்றன. மேலாளர் எங்கள் வண்டியைச் சுற்றினார். பக்கக் கண்ணாடியைப் பிடித்து அசைத்தார். என் உயிர் அந்த இடுக்கில் இருந்தது. எதுவும் விழவில்லை. பானெட்டின் முன் குனிந்தார், வெகுநேரம் குனிந்தே நின்றார். எங்கே என்ன கண்டுபிடித்துவிட்டாரோ என்று ஏழுமலை என் கையை நசுக்கினான். அவர் டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

நிமிர்ந்தவர் லேசாக முகர்ந்தார். "ஏதோ வாசனை வருதே?"

"கடக் காத்து சார்" என்றான் ஏழுமலை.

"நாளையிலேர்ந்து வந்துடுங்க."

வரதன் அண்ணாத்த எங்களை நோக்கி வந்தார். ஏதோ சொல்லத்தான் வந்திருக்க வேண்டும். பானெட் அருகே வந்ததும் நின்றார். சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தார். நிதானமாக வகிடு எடுத்து வாரினார், மீசையை நீவினார். "இத்தினி வருசமா வண்டி வெச்சிகினு கீறேன், என் வண்டில என் மூஞ்சிய நான் பாத்ததே இல்லடா" என்றார். ஒரு பட்டாபிஷேகத்துக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

மாசி வந்தது, போனது. அண்ணன்கள் வைத்த கெடுவும் அதோடு போனது. அதற்குப் பிறகு ஏழுமலை கடலில் இறங்கியதெல்லாம் கணுக்கால் வரைதான். அதுவும் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

ஊரப்பாக்கத்தில் என் வண்டி தயார் என்றார்கள். அவனுக்குப் போன் போட்டேன். சங்கதியைக் கேட்டுவிட்டு முதல் கேள்வி: "பக்கக் கண்ணாடிய ஆட்டிப் பாத்தியா மச்சான்?" ஆட்டினேன். ஒரு துளி. கதவு நெடுக ஒரு கோடு. "வுட்டுட்டானுங்கடா!" என்றேன். போனுக்குள் அவன் சிரித்த சிரிப்பில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கைக்குட்டையால் துடைத்துவிட்டுக் கிளம்பினேன், வெற்றியோடு.

இப்போது அந்தக் களம் இல்லை. அங்கே ஒரு உணவு விடுதியின் மதில் நிற்கிறது. ஓலைக் கொட்டகை ஒரு புயலோடு போயிற்று. கேஸ் வந்த பிறகு ஊதாங்குழல் எங்கே போனதென்று அஞ்சலைக்கே தெரியவில்லை. வரதன் அண்ணாத்தவிடம் சீப்பு இருக்கிறது, வாருவதற்குத்தான் ஒன்றும் இல்லை. கருப்பு வண்டியும் போய்விட்டது. அந்தக் கடைசி நாளில் நான் அங்கே இருந்தேன். பழைய இரும்பு எடுக்கிறவர் செங்கல்பட்டிலிருந்து லாரி கொண்டுவந்திருந்தார். வேப்பமர நிழலில் ஏழுமலை வண்டியைக் கழுவி, வேட்டித் துணியை விரித்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தான். மறுபக்கத்தைப் பிடித்தேன். இழுத்தோம். துருவுக்கு நடுவில் மிச்சமிருந்த கருப்பு எழுந்து வந்து எங்கள் நரைத்த தலைகளைக் காட்டியது.

லாரிக்காரருக்குப் பொறுக்கவில்லை. "இன்னா பெருசு, எடைக்குப் போற வண்டியப் போயி தொடைச்சிகினு கீற?"

பதில் சொன்னது அஞ்சலை. காலமெல்லாம் கருவாடு நிறுத்து விற்ற கை, இடுப்பில் இருந்தது.

"எங்க வூட்ல ஈரத்தோட எதையும் எடைக்குப் போட மாட்டோம்."