கூரைவரை போகாத சுவர்

அன்றைய கூட்டத்தில் தோட்டத்துச் சின்ன மேனேஜர், சின்னத்துரை, இருந்தார். பக்கத்தில் கணக்கப்பிள்ளை, கையில் பேர்ப் பட்டியல். தோட்டத்து மருந்துச்சாலை ஐயா, நாற்காலி இல்லாமல் தூணில் சாய்ந்துகொண்டு. தொழிற்சங்கத் தலைவர். எங்கள் பக்கத்துக் காம்பரா அக்கா. அவளுடைய வீட்டுக்காரர். என் வீட்டுக்காரர். நான். மற்றவர்கள், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு வெளியே தூறலில் நின்றார்கள், காது கேட்கும் தூரத்தில்.

நாங்கள் வேலை செய்வது இலங்கை மலையகத்தில், தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே தொழிலாளருக்குப் புது வீடு கட்டினார்கள். இரட்டை வீடு. ஒரு கூரை, நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். ஆளுக்கொரு கக்கூஸ். யாரோடு யார் சேர்வது என்று குடும்பங்களே பேசி, இரண்டு பேரும் கையெழுத்து வைத்துக் கொடுக்கவேண்டும். பின்னால் சண்டை வராதாம்.

நாங்கள் அக்காவோடு சேர்வதாக இருந்தது. பதினோரு வருஷம் ஒரே லயத்தில், அந்த வரிசை வீட்டில், அடுத்தடுத்த ஒற்றை அறைக் காம்பரா. பேசி முடிவு செய்யக்கூட வேண்டியிருக்கவில்லை.

பட்டியல் கொடுக்க இரண்டு வாரம் இருக்கும்போது பெரட்டுக்களத்துப் பலகையில் ஒரு தாளைக் கண்டேன். கொப்பியில் கிழித்தது. என் வீட்டுக்காரர் பேரைப் போட்டு, இவருக்கு டீ.பி., இவரோடு சேராதீர்கள் என்று எழுதியிருந்தது. எழுதியவர் பேர் இல்லை. கீழே வேறு வேறு பேனாவில் நாலைந்து பேர் தங்கள் பங்குக்கு எழுதியிருந்தார்கள். ஒருவர் இருமுகிற ஆளைப் படமாகவே வரைந்திருந்தார்.

கணக்கப்பிள்ளையிடம் கிழிக்கச் சொன்னேன்.

"ஆபீஸ் நோட்டீசுன்னா நான் பொறுப்பு. இது யாரு ஒட்டுனதோ. நான் எதுக்குக் கிழிக்கணும்?"

"பலகை உங்களுதுதானேங்க?"

"பலகை என்னுது. எழுத்து என்னுதில்ல."

நானே கிழித்தேன். மறுநாள் இரண்டு தாள் இருந்தது. பொய்யென்றால் ஏன் கிழிக்கிறாள் என்று இரண்டாவது தாளில்.

டீ.பி. வந்தது பொய்யில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் வந்து, ஆறு மாதம் மாத்திரை விழுங்கிக் குணமாகிவிட்டது. தப்பு என்னுடையது. தோட்டத்து மருந்துச்சாலையில் எழுதினால் லயமெல்லாம் பரவிவிடும் என்று பதுளைக்கே கூட்டிப்போனேன். கேட்டவர்களிடம் வயிற்றுப்புண் என்றேன். கடைசி மாத்திரை முடிந்த அன்று கிளினிக் அட்டையை அடுப்பில் போட்டேன். குணமானதற்குக் கையில் இருந்த ஒரே அத்தாட்சி அது.

தாள் ஒட்டிய பிறகு, லயத்துப் பொதுக் குழாயான பீலியில் நான் தண்ணீர் பிடித்தால் அக்கா சாம்பல் போட்டுப் பீலி வாயைத் தேய்த்துவிட்டுத்தான் குடத்தை வைப்பாள். என் கண் முன்னாலேயே. அதற்கு முந்தின மழைக்கு அவள் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது. நாற்பது பேருக்கு இருந்த இரண்டு கக்கூசும் நிரம்பி வாசல் சாக்கடைக் கானில் ஓடியது. புழு நெளிந்தது. அதை மண்வெட்டியால் தள்ளிவிட்டது நான். அப்போது யாரும் தாள் ஒட்டவில்லை.

பதுளைக்குப் பஸ் ஏறினேன். கிளினிக் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"அட்டை எங்கை?"

"எரிச்சுட்டேங்க."

"எரிச்சுப்போட்டியளோ? நல்ல வேலை."

அரை நாள் பழைய பதிவுப் புத்தகங்களைத் தேட வைத்துவிட்டுக் கடிதம் எழுதித் தந்தார். "அவருக்கு இப்ப ஒண்டும் இல்லை. ஆருக்கும் தொத்தாது. போய்ச் சொல்லுங்கோ."

அந்தக் கடிதத்தோடுதான் அன்று அங்கே நின்றோம். மருந்துச்சாலை ஐயா அதை வாசித்துத் தமிழில் சொன்னார். குணம், தொற்றாது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "மனசுல வச்சுக்காத தங்கச்சி. வளர்ற புள்ளைங்க இருக்கு."

"இத்தன வருஷமா அந்தப் புள்ளைங்க எங்கக்கா வளர்ந்துச்சு?"

"அப்பத் தெரியாதுல்ல."

தலைவர் சிரித்தார். "தெரியாதப்பத் தொத்தல, தெரிஞ்சதும் தொத்திக்கிச்சாக்கும்?" வெளியே நின்றவர்களும் சிரித்தார்கள்.

லயத்துச் சுவர் கூரைவரை போகாது. ஆள் உயரத்துக்கு மேலே திறப்பு. அவள் மிளகாய் வறுத்தால் நாங்கள் தும்முவோம். இவர் இருமியது, அவள் வீட்டுக்காரர் குடித்துவிட்டு வாந்தியெடுத்த நாற்றம், எல்லாம் இரண்டு வீட்டுக்கும் பொது. புது வீட்டுச் சுவர் கூரைவரை போகும். அந்தச் சுவருக்குத்தான் அவள் பயந்தாள். இதை அங்கே சொன்னேன்.

அப்போது என் வீட்டுக்காரர் சொன்னார்: "வேணும்னா நான் வெளிய இஸ்தோப்புத் திண்ணையிலயே படுத்துக்கிறேங்க."

"வாய மூடுங்க" என்றேன். அவர் கெஞ்சியதுதான் எனக்கு அன்று பார்த்த எல்லாவற்றையும்விடக் குமட்டியது.

சின்னத்துரைக்குத் தமிழ் அரைகுறை. "ஜோடி இல்லே, வீடு இல்லே. நான் என்ன செய்ய?"

வேறு யாராவது இவர்களோடு சேர்கிறீர்களா என்று கணக்கப்பிள்ளை வெளியே பார்த்துக் கேட்டார். தரையைப் பார்த்தார்கள். தூறல் பலத்தது. கலைந்துபோக அது வசதியாக இருந்தது.

அக்காவின் ஜோடி யார் என்று மறுநாள் தெரிந்தது. தலைவருடைய மச்சான். அவர்கள் கையெழுத்து வைத்தது நான் பதுளைக்குப் போவதற்கும் முந்தின வாரம். சிரித்த தலைவர்தான் சாட்சி.

எல்லாரும் புது வீட்டுக்குக் குடிபோனார்கள், நாங்கள் லயத்திலேயே இருந்தோம். காலியான காம்பராக்களை இடிப்பதாகச் சொன்னார்கள், இடிக்கவில்லை. அக்கா தன்னுடையதில் கல்யாணம் முடித்த மகனை வைத்தாள். எங்கள் பெரியவனுக்கும் கல்யாணமாயிற்று. நடுவில் சேலையைக் கட்டி மறைத்தோம். பேரப்பிள்ளைகள் வந்தன.

சில வருஷம் கழித்துச் சுகாதாரப் பகுதியிலிருந்து ஒருவர் வந்தார். மூக்கில் லேஞ்சியை வைத்துக்கொண்டு இஸ்தோப்பிலேயே நின்றார். டீ.பி. வராமல் இருக்கக் காற்றோட்டம் முக்கியம், கூட்டமாகப் படுக்கக்கூடாது என்றார். பிறகு, கையிலிருந்த பாரத்தில் எழுத வேண்டுமாம், ஒரு காம்பராவில் எத்தனை பேர் என்று கேட்டார்.

ஒன்பது.