பறக்கத் தயார்

படைத்துறைக் கொள்முதல் அலுவலகத்தில் அவளுக்குக் ‘கறார் அக்கா’ என்று பெயர். உதிரிப் பாகம் விற்க வருகிறவர்கள் அவள் மேசையை நெருங்கும்போதே தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். அந்தக் கறார்க்காரிதான் புது மாதிரி ஒப்பந்தத்தை எழுதினாள். இனிமேல் பாகத்துக்கு விலை இல்லை, ரிப்பேருக்குக் கூலி இல்லை. மீட்பு ஹெலிகாப்டர்கள் பறக்கத் தயாராக நின்றால் அவற்றைப் பராமரிக்கும் கம்பெனிக்குப் பணம், நிற்காவிட்டால் கிடையாது. மேலிடம் அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

‘தயார்’ என்றால் என்ன என்று எழுதும்போது, ஆளைக் கயிற்றில் தூக்கும் வின்ச்சை அவள் சேர்க்கவில்லை. அது விமானப் பிரிவின் சாமான் அல்ல, மீட்புக் கருவிப் பிரிவின் சாமான். அடுத்த பிரிவின் சாமானில் கைவைத்தால் கோப்பு நகராது. வின்ச்சைச் சோதித்துப் பழுதுபார்த்துவந்த மெக்கானிக்குகளோ ஒப்பந்தம் வந்ததும் கூண்டோடு கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள்.

அந்த வின்ச்சை இயக்குகிறவன் அவள் கணவன்.

கவிழ்ந்த படகுக்கு மேலே ஹெலிகாப்டர் நின்றபோது கயிறு பாதியில் சிக்கிக்கொண்டது. தண்ணீரில் தத்தளித்த ஆளின் தலை மறைந்த பிறகும் கை தெரிந்தது என்று வீட்டுக்கு வந்து சொன்னான். ஹெலிகாப்டர் அன்றும் ‘தயார்’ கணக்கில்தான் இருந்தது. கம்பெனிக்கு முழுப் பணமும் போயிற்று.

அவள் அலுவலக இயக்குநரிடம் போய் வின்ச்சைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவர் கெட்டவரில்லை.

“சேத்துடலாம்மா. ஆனா அதைச் சோதிச்சுப் பாக்க நம்மகிட்ட இப்ப யாரு இருக்கா? நீ பாப்பியா?”

சோதனையையும் கம்பெனியே செய்துகொள்ளட்டும் என்று முடிவாயிற்று.

கணவன் பூட்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

“பரீட்சை எழுதுறதும் அவங்க, மார்க் போடுறதும் அவங்களா?”

வேறு வேலைக்கு மாற்றல் கேளுங்களேன் என்று கெஞ்சினாள்.

“நான் போகலைன்னா அந்த ஹெலிகாப்டர் கதவுல வேற ஒருத்தன் உக்காருவான். அவன் வீட்லயும் ஒருத்தி இருப்பா, இல்ல?”

மறுநாள் காலை அவன் பணிக்குக் கிளம்பினான். அவள் மேசைக்குக் கம்பெனியின் அறிக்கை வந்தது: எல்லா ஹெலிகாப்டர்களும் தயார், எல்லா வின்ச்சுகளும் தயார். தயார் இல்லை என்று சொல்ல அவளுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் அந்தக் கட்டடத்தில் இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு, ஹெலிகாப்டர் சத்தம் கேட்ட ஜன்னல் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.