தவிட்டு ஒத்தடம்

சசிகலாவுக்கு மார்பு சின்னது. ஒரு பெண்ணின் கதையை இப்படித் தொடங்குவது அசிங்கம்தான். ஆனால் அவள் புருஷன் மோகன், கல்யாணமான மறுவாரத்திலிருந்து எந்தப் பேச்சையும் இப்படித்தான் தொடங்கினான். கஞ்சியில் உப்பு குறைந்தாலும் "பலகை", காய்ச்சலில் சுருண்டு படுத்தாலும் "பலகை". மலையில் பஸ் குறைவு. மேலே ஜமுனாமரத்தூருக்கும் கீழே போளூருக்கும் மினிவேன் ஓட்டுகிறவன் என்பதால் ஐயாவுக்கு ஊரில் தனி மவுசு. வேனில் ஏறுகிறவர்களுக்குப் பாட்டோடு பெண்டாட்டியைப் பற்றிய கேலியும் இலவசம்.

கேலியை அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறொன்று. சண்டை முற்றும்போதெல்லாம் அவன், "வா, ஊர்ல சொல்லித் தீர்த்துக்கலாம்" என்பான். அந்த ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் பிரிய கோர்ட்டு, வக்கீல் எதுவும் வேண்டாம். கோயிலுக்கு முன்னால் பெரியவர்கள் கூடி, ஊர்க்கவுண்டர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவள் வேறொருவனைக் கட்டிக்கொள்ளலாம், யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். பிள்ளை மட்டும் தகப்பனுக்கு. மகள் ரம்யாவுக்கு ஆறு வயது. அம்மாவின் இடது மார்பில் கன்னத்தை வைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அவளை விட்டுவிட்டு வெறுங்கையோடு அம்மா வீட்டுக்குப் போவதை சசிகலாவால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

போன வருஷம் பக்கத்து ஊர் தமிழரசி வேனின் முன் சீட்டில் உட்கார ஆரம்பித்தாள். தினமும் அவளுக்குப் போளூரில் என்ன வேலையோ. அந்த மாதம்தான் சசிகலா போனில் அந்த வீடியோவைப் பார்த்தாள். ஒரு கிளினிக். ஒல்லியான பெண் ஒருத்தி உள்ளே போகிறாள், சிரித்துக்கொண்டு வேறு உடம்போடு வெளியே வருகிறாள். கல்யாணத்துக்கு முன் சசிகலா வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனியில் பசை தடவிச் சேர்த்த பி.எஃப். பணம் அப்படியே இருந்தது. மோகனிடம் சொன்னாள். அவன் முகம் மலர்ந்ததை ஏழு வருஷத்தில் அன்றுதான் பார்த்தாள்.

"உன் இஷ்டம். போய்ட்டு வா" என்றான். போளூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டான். கூட வரவில்லை.

இரண்டு பக்கமும் கீறி, உள்ளே ஜெல் பை வைத்துத் தைத்தார்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த நாலு பக்கத் தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மூன்று மாதம் அவள் ராணிதான். மோகன் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தான். தமிழரசி பின் சீட்டுக்குப் போனாள். சசிகலா புது ரவிக்கை தைத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள். ஒரே ஒரு குறை. மார்புத் தோல் மரத்துப் போயிருந்தது. ரம்யா கன்னத்தை வைத்தால் பாரம் தெரியும், கன்னத்தின் சூடு தெரியாது. போனில் கேட்டதற்கு, "போகப் போக சரியாயிடும்மா" என்றாள் நர்ஸ்.

நாலாம் மாதம் இடது பக்கம் இறுக ஆரம்பித்தது. கல்லாக இறுகி, கழுத்தெலும்பை நோக்கி மேலே ஏறியது. வலது பக்கம் தளர்ந்து கீழே இறங்கியது. முந்தானையை எப்படி இழுத்துச் சொருகினாலும் மறையவில்லை. கிளினிக்குக்குப் போன் போட்டாள். "மசாஜ் பண்ணுங்க" என்றார்கள். பிறகு எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். எடுக்கிறவன் மோகன் ஒருவன்தான், அதுவும் மானத்தை.

"என் பொண்டாட்டிக்கு ஒண்ணு ஜமுனாமரத்தூர்ல இருக்குது, இன்னொண்ணு போளூர்ல இருக்குது. நடுவுல நான் எத்தினி ட்ரிப் அடிக்கிறது?"

வேனே குலுங்கிச் சிரித்ததாம். தமிழரசி முன் சீட்டிலிருந்து சிரித்தாளாம். அடுத்த நாள் குழாயடியில் தண்ணீர் பிடித்த பெண்கள் சசிகலாவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அவமானத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது, எரிய வேண்டிய இடத்தைத் தவிர.

பக்கத்து வீட்டு முத்தம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் கட்டிக்கொண்டால் ஊரே அவளைத்தான் கூப்பிடும். சாமைத் தவிட்டை நொச்சி இலையோடு சட்டியில் வறுத்து, துணியில் முடிந்து ஒற்றி எடுப்பாள். எப்பேர்ப்பட்ட கட்டும் இளகிவிடும்.

"உள்ள இருக்கிறது இன்னாவா இருந்தா இன்னாடி? இறுகினது சூட்டுக்குத்தான் இளகும். வா, உக்காரு" என்றாள்.

அவள் கைக்கு அளவு எதுவும் கிடையாது. ஒத்தடம் வாங்குகிறவள் சொல்வதுதான் அளவு. "பொறுக்கிற வரைக்கும் பொறு. போதும்னு சொல்லு, எடுத்துடறேன்" என்பாள். இதுவரை எல்லாப் பெண்களும் கத்திச் சொல்லித்தான் எடுத்திருக்கிறாள்.

சசிகலா கண்ணை மூடிக்கொண்டாள். மாதக் கணக்கில் அவளைப் பரிவோடு தொட்டவர்கள் யாருமில்லை. முத்தம்மாள் முடிச்சை வைத்தாள், அழுத்தினாள், மறுபடி சட்டியில் காட்டி வைத்தாள். "சுடுதா?" என்று கேட்டாள். "இல்லக்கா, இன்னும் வையி" என்றாள் சசிகலா. அவள் பொய் சொல்லவில்லை. தோல் பொசுங்கும் நாற்றம் வந்த பிறகுதான் முத்தம்மாள் பதறித் துணியை எடுத்தாள். இடது மார்பு வெந்து வெள்ளையாக இருந்தது. "ஏண்டி, போதும்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

வெந்த இடம் அழுகிச் சீழ் பிடித்தது. ஒரு நாள் தையல் ஓரம் பிளந்து, உள்ளே வைத்த பை வெளியே தெரிந்தது. கீழே அரசு ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டு, எஞ்சிய தோலை இழுத்துத் தைத்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா கிளினிக் கொடுத்த தாளைப் புரட்டினார். "உணர்ச்சி இருக்காது, சூடு வைக்கக் கூடாதுன்னு இதுலயே போட்டிருக்கேம்மா. படிக்கலையா?" என்று கேட்டார். ஷூ பெட்டியில் சைஸ் படிக்கத் தெரிந்த ஆங்கிலம் அவளுடையது.

இடது பக்கம் தழும்பு மட்டுமாக அவள் வீடு திரும்பிய பத்தாம் நாள், மோகன் ஊரைக் கூட்டினான்.

"அரைப் பொம்பளைய வெச்சிக்கினு நான் இன்னாங்க பண்றது?"

சசிகலா ஊர்க்கவுண்டர் தசரதனைக் கும்பிட்டாள். "இவருக்காகத்தாங்க இத்தனையும் பண்ணிக்கினேன். புள்ளைய மட்டும் என்கிட்ட வுட்டுடுங்க."

"நான் பண்ணிக்கச் சொன்னனா? கேளுங்க, ஒரு வார்த்த சொன்னனா?" என்றான் மோகன்.

அவன் சொல்லவில்லைதான். ஏழு வருஷம் பலகை என்றானே தவிர, அறுத்துக்கொள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தசரதன் துண்டை உதறித் தோளில் போட்டார். "புள்ள தகப்பன் வூட்ல இருக்கட்டும். வழக்கத்த மாத்த முடியாதும்மா" என்றார்.

ரம்யா ஓடிவந்து அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொண்டாள். வழக்கம்போல இடது பக்கம் கன்னத்தைப் புதைத்தாள். சசிகலா அவளை இறுக்கிக்கொண்டு, தலைக்கு மேலாக, கோயிலோரம் நின்ற வேனைப் பார்த்தாள். முன் சீட்டில் தமிழரசி இருந்தாள். குழந்தையிடம் அசைவில்லை, சத்தமில்லை. நல்லவேளை, இதற்கு ஒன்றும் புரியவில்லை, அழவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அந்த ஒரு நினைப்புதான் அவளை நிற்க வைத்திருந்தது.

மோகன் வந்து குழந்தையைப் பிடுங்கினான். சசிகலா குனிந்து பார்த்தாள். ரவிக்கையின் இடது பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது. இவ்வளவு நேரமும் குழந்தை அழுதிருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை.