போன் இல்லாமல் ஒரு வாய்ச் சோறு

மூன்றரை வயதில் என் மகள் ஆங்கிலத்தில் நூறு வரை எண்ணுவாள். முக்கோணத்தைக் காட்டினால், போனில் வரும் பெண்குரலின் அதே இழுப்போடு ‘ட்ரையாங்கிள்’ என்பாள். வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் பெருமையாக அவளைச் செய்து காட்டச் சொல்வோம். ஆனால் தண்ணீர் வேண்டுமென்று கேட்க அவளுக்குத் தெரியாது. என் விரலைப் பிடித்துக் குடத்தருகே இழுத்துப்போவாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள்.

அங்கன்வாடி டீச்சர் சொன்ன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாங்கள் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் மாடியில் குடியிருக்கிறோம். கணவருக்கு அதே தெருவில் பாத்திரக் கடையில் வேலை. வீட்டில் தமிழ், படியிறங்கினால் மலையாளம். இரண்டும் கலந்ததால்தான் பிள்ளை குழம்பிவிட்டாள் என்று நானே முடிவுகட்டியிருந்தேன். பேச்சுப் பயிற்சி தரும் மேடத்திடமும் அதையே சொன்னேன்.

“ரண்டு பாஷ கேட்டா ஒரு குழப்பமும் இல்ல,” என்றார் அவர், எனக்காகத் தமிழைக் கலந்து. “இந்தக் கொச்சு, உங்க பிள்ள, ஒரு நாளைக்கு எத்தன மணிக்கூர் போன் பாக்கும்?”

“ஒரு மணிக்கூர்,” என்றேன்.

“அஞ்சு,” என்றார் பக்கத்திலிருந்த கணவர்.

உண்மை பேச அவருக்கு அந்த இடம்தான் கிடைத்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுகூடக் குறைவு. மூன்று வேளைச் சாப்பாடும் போனோடுதான். நான் சமைக்கும்போதும் குளிக்கும்போதும் போன்தான் அவளைப் பார்த்துக்கொண்டது.

“போன் பேசிட்டே இருக்கும். கொச்சு சொல்றத அது கேக்காது. ஆதியம், மொதல்ல, சாப்பாட்டு நேரத்துல நிறுத்துங்க,” என்றார் மேடம்.

சொல்லிவிட்டார். மறுநாள் மத்தியானம் நான்தான் பட்டேன். ஊட்டிய சோறு முழுவதும் என் நைட்டியில். ஒரு மணி நேர அழுகை. பக்கத்து வீட்டுச் சேச்சி ஓடிவந்து, “பாவம் கொச்சு, எந்தினா இங்ஙன கரயிக்கிறது?” என்று நான் அழவைப்பதைக் கண்டித்து, தன் போனை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார். அழுகை நின்றது, வாய் திறந்தது. சேச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த நாள் முதல் கதவைத் தாழிட்டு ஊட்டினேன்.

நான்காம் நாள் சாயங்காலம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போய்த் திரும்பினால், பீரோவுக்குப் பின்னால் அப்பாவும் மகளும். தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த போன்.

“நீங்க என்ன செய்யுதிய?”

“ரெண்டு வாய் கூட எறங்கட்டும்னு பாத்தேன். பிள்ள மெலிஞ்சு போச்சு.”

“பிள்ள மெலியல. நாந்தான் மெலிஞ்சேன்.”

அந்த ஆத்திரத்தைத் தங்கைக்கு எழுதித் தீர்க்க என் போனை எடுத்தேன். எழுதி முடிப்பதற்குள் மகள் மடியேறித் திரையைத் தேய்க்கத் தொடங்கிவிட்டாள். காலையிலிருந்து அது எத்தனை முறை என் கைக்கு வந்தது என்று நினைத்தபோது என் மேலேயே எரிச்சல் வந்தது. அணைத்து, அரிசி டப்பாவில் போட்டு மூடினேன்.

அதன்பின் வேறு வழியில்லாமல் அவள் ஜன்னலுக்குப் போனாள். கீழே லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டே இருப்பார்கள். சுமைக்காரர்கள் தலையில் மூட்டையோடு ‘மாறு, மாறு’ என்று ஆளை விலக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவள் அதைப் பார்த்து நிற்க, நான் பக்கத்தில் நின்று ஊட்டினேன். நாலு வாய், பிறகு ஏழெட்டு வாய்.

மூன்றாவது வாரம் ஒருநாள் ஜன்னலை மறைத்து நின்று சோறு பிசைந்துகொண்டிருந்தேன். என் தொடையில் ஒரு தள்ளு. குனிந்தால் என் முகத்தை நேராகப் பார்க்கிறாள்.

“மாறு,” என்றாள்.

இத்தனை காலம் காத்திருந்ததற்கு, வழியை விட்டு விலகு என்கிறாள். விலகினேன். சொன்னதும் நான் நகர்ந்ததை ஆச்சரியமாகப் பார்த்தாள். மறுபடி சொன்னாள். மறுபடி விலகினேன். கையில் சோறு காய்ந்துபோகும் வரை விலகிக்கொண்டே இருந்தேன்.

மத்தியானம் சாப்பிட வந்த கணவரிடம் சொன்னேன். “இன்னொரு மட்டம் சொல்லச் சொல்லு,” என்றபடி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், வீடியோ பிடிக்க.

அவ்வளவுதான். போனைக் கண்டதும் அவளுக்குச் சொல்லும் மறந்தது, ஜன்னலும் மறந்தது. தரையில் விழுந்து உருண்டாள்.

“மேடத்துக்குக் காட்டலாம்னுதான்...” என்றார். நான் வாயைத் திறந்திருந்தால் தெருவே கூடியிருக்கும். அவளை மறுபடி ஜன்னலுக்குக் கொண்டுவர மூன்று நாளானது.

இப்போது நாலரை வயது. தமிழும் மலையாளமுமாகக் கொஞ்சம் பேசுகிறாள். போன வாரம் நாகர்கோவில் பஸ்ஸில் அவள் சிணுங்கியபோது, பக்கத்து சீட்டுப் பெண் சிரித்துக்கொண்டே போனை நீட்டினார். வேண்டாம் என்றேன்.

“எல்லா வீட்டுலயும் குடுக்கதுதானே,” என்றார்.

விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போய், வேறு சீட் காலியான நெய்யாற்றின்கரை வரை நின்றுகொண்டே வந்தேன்.