தனிக்கிணற்று மருதாசலம்

ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே இரண்டரை ஏக்கர் தோட்டமும் அதில் ஒரு கிணறும் மருதாசலத்துக்குச் சொந்தம். அப்பன் பாட்டன் விட்டுப் போனதல்ல. பிறத்தியார் பண்ணையத்தில் வருஷக்கணக்காகச் சாணி அள்ளிச் சேர்த்தது. கிணற்றையும் ஆள் வைத்து வெட்டவில்லை. அவரும் சம்சாரம் சென்னியம்மாளும் கடப்பாரையும் கூடையுமாக இறங்கிப் பாறையைப் பெயர்த்தார்கள். கையெழுத்துக்குப் பெருவிரல் வைக்கிற ஆள்தான். ஆனால் பங்காளி இல்லாத கிணறு அந்த வட்டாரத்தில் எத்தனை பேருக்கு இருந்தது? மற்றவர்கள் நாலில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு என்று முறை வருகிற நாளுக்குக் காத்துக் கிடந்தார்கள். மருதாசலம் நினைத்த நேரத்தில் தண்ணீர் இறைக்கும் கவலை ஏற்றத்தில் மாட்டைப் பூட்டினார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலிலும் மறு வருஷமும் மழை ஏமாற்றியது. கிணறுகள் ஒவ்வொன்றாக அடிமண் காட்டின. பக்கத்துத் தோட்டத்து அப்புசாமி ஒரு நாள் வரப்பில் வந்து உட்கார்ந்தார். முறைக்கு மச்சான். இரண்டு பேரும் தனித்தனியே தோண்டிச் சாவானேன், ஒரே கிணற்றைச் சேர்ந்து ஆழப்படுத்தி, இரண்டு ஜோடி மாட்டையும் மாற்றி மாற்றிப் பூட்டி, நாள் முறை வைத்துக்கொள்ளலாம் என்றார். நியாயமான பேச்சுத்தான். மருதாசலத்துக்கு அது காதில் ஏறவில்லை.

"நான் ஒண்டியா வெட்டுன கெணறு மச்சான். ஒண்டியாவே ஆழப்படுத்திக்கறேன்" என்றார்.

அப்புசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மருதாசலம் அந்தக் கோடை முழுக்கத் தோண்டினார். ஆள் உயர ஆழத்தை அங்கே மட்டு என்பார்கள். ஐந்து மட்டுக் கிணறு ஒன்பது மட்டானது. ஒரு விடியலில் பாறை இடுக்கில் ஊற்று பீறிட்டது. சந்தைக்குப் போகிறவர்கள்கூட வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள். மருதாசலம் அன்றைக்கு எல்லோருக்கும் மோர் ஊற்றச் சொன்னார்.

மோர் வாங்கிக் குடித்தவர்களில் ஒருவரும் வடக்கயிற்றைப் பற்றிப் பேசவில்லை. கிணறு எத்தனை ஆழமோ அத்தனை நீளம் வடம் வேண்டும். வடம் எத்தனை நீளமோ அத்தனை தூரம் மாடு நடக்க வேண்டும். மாடு இறங்கும் சரிவை நீட்டப் போனதில், கிணற்றடியில் மிளகாய் காய்த்துக் குலுங்கிய நல்ல பாத்திகள் சரிவுக்குள் போயின. நிலம் அங்கேயே குறைந்தது. சால் என்பது வடத்தில் கட்டி இறக்கும் பெரிய வாளி. முன்பு இரண்டு சால் தண்ணீர் இறைக்கிற நேரத்தில் இப்போது ஒன்றுதான் மேலே வந்தது. நிறைசாலை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கிய மாடுகள், பின்னாலேயே ஏறி வருவதற்குள் நுரை தள்ளின. வெயில் ஏறும் முன்னே படுத்துக்கொண்டன. அவற்றுக்குத் தீவனமாகச் சோளத்தட்டும் பருத்திக்கொட்டையும் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. போட்டால், ராகி விதைக்கிற இடத்தில் தட்டுக்காகச் சோளம் விதைக்க வேண்டியிருந்தது. கிணற்றில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்க, கடைக்கோடி ராகி வாடியது. பானையும் அடிதட்டியது.

மருதாசலம் மாட்டை மாற்றிப் பார்த்தார். வடத்துக்கு எண்ணெய் தடவிப் பார்த்தார். மாட்டோடு சேர்ந்து அவரே வடத்தைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். தோள் தோலுரிந்ததுதான் கண்டது.

சென்னியம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "ஏனுங்க, நாம மாட்டுக்குப் பண்ணையம் பண்றமா, நமக்குப் பண்றமா?"

 அன்று சாயங்காலமே மருதாசலம் அப்புசாமியின் வீட்டுக்குப் போனார். அந்தத் தடத்தில் அத்தனை மெதுவாக அவர் நடந்ததில்லை. அப்புசாமியின் கிணற்றில் பாறை தெரிந்தது. கட்டுத்தறியில் இரண்டு மாடும் வேலையற்று அசை போட்டுக்கொண்டிருந்தன.

"உன்ற மாட்டையும் கொண்டாந்து பூட்டு மச்சான்" என்றார் மருதாசலம்.

"பூட்டறன். ஆனா ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி எனக்கு. கேட்டு வாங்கற தண்ணியா இருக்கக் கூடாது மாப்பிள்ளை. பாதிக் கெணறு என்னுதுன்னு ஊருக்குள்ள நீயே சொல்லோணும்."

 மருதாசலம், பாறையை நெம்பியபோது நசுங்கிய கட்டைவிரலை மற்றொரு கையால் தடவிக்கொண்டார். ராகி இன்னும் நாலு நாள் தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

"சொல்றன்" என்றார்.

மறுநாள் மாரியம்மன் கோயிலடியில் நாலு பேர் முன்னால் சொன்னார். குரல் எழும்பவில்லை, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். சொன்னார். திரும்பி வந்து மண்வெட்டியை எடுத்து, பொதுவரப்பை வெட்டி வாய்க்கால் விட்டார். அப்புசாமி கை கொடுக்க வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு ஜோடியும் மாற்றி மாற்றி இழுத்ததில் தண்ணீர் விடாமல் ஓடியது. முதல் முறை அப்புசாமிக்கு என்று அவரே சொல்லியிருந்தார். தண்ணீர் தன் ராகியைத் தாண்டி அப்புசாமியின் தோட்டத்துக்குள் போவதைப் பார்த்தபடி, மருதாசலம் அடுத்த சாலுக்கு மாட்டைத் திருப்பினார்.